மிதந்த ஈரல்

செத்துக் கிடந்த செம்மறியை விட ஓரகத்தி வீட்டு ஜன்னலைத்தான் இளையவள் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் எட்டிப் பார்ப்பாள், முகம் வெளுக்கும், அதை வைத்தே பிடித்துவிடலாம் என்று கணக்கு.

"விஷம்னு எழுதிக் குடுங்க டாக்டரம்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்." சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள். கால்நடை டாக்டரம்மா கையுறையை மாட்டினார்.

பாகத் தகராறில் மூத்தவள், "உன் பட்டி உருப்படாது" என்று சொல்லிவிட்டாள். அதுவரை ரெண்டு வேளையும் ஆடுகளுக்குத் தீனி வைத்தவள் அவள்தான். சொன்ன வாய் செய்யாமல் இருக்குமா? மறுநாளே இளையவள் தீனி அறையைப் பூட்டினாள். மூத்தவள் கலந்து வைத்திருந்ததை எல்லாம் குழி தோண்டிப் புதைத்தாள். கடை வேலைக்கு ஓடும் அவசரத்தில் ஒரு கை வைக்கோல் போடுவாள், அவ்வளவுதான். சினையாடுகள் கொழுத்துத்தானே கிடக்கின்றன, கொஞ்சம் வாடினால் குட்டி போடுவது சுலபம் என்று சமாதானம் வேறு.

பிறகு ஒரு சினையாடு வைக்கோலைக்கூடத் தொடாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது, விழுந்தது, போயே போய்விட்டது. இன்னொன்றும் இப்போது அப்படியே நிற்கிறது. பூட்டியும் எப்படி விஷம் வைத்தாள் பாவி என்று இளையவள் மண்டையைக் குடைந்துகொண்டாள்.

செத்த ஆட்டின் வயிற்றைத் திறந்ததும் ஈரல் மஞ்சளாக வீங்கித் தெரிந்தது. அழுத்தினால் விரல் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. டாக்டரம்மா ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டார். மிதந்தது.

"நல்ல ஈரல்னா முழுகும். இது பூரா கொழுப்பு. பாருங்க, வயித்துல ரெட்டைக் குட்டி. கொழுத்த ஆட்டுக்குத் திடீர்னு தீனி நின்னா, உடம்புக் கொழுப்பு கரைஞ்சு ஈரல்ல போய் அடைஞ்சுக்கும். விஷம் இல்லம்மா, பசி. தீனியை யாரு நிறுத்துனது?"

இளையவள் பழி போட ஆள் தேடினாள், தன்னைத் தவிர யாரும் அகப்படவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

டாக்டரம்மா நின்றிருந்த ஆட்டின் வாயை முகர்ந்தார். அழுகத் தொடங்கிய பழம் போல இனிப்பு வாடை. "இதுக்கும் அதேதான். ஆனா காப்பாத்திடலாம். இந்த மருந்துப் பாகை விட்டு விட்டு ஊத்தணும். ஒருத்தர் தலையைப் பிடிக்கணும். ஆட்டுக்குப் பழகுன ஆள் யாராவது இருக்காங்களா?"

பழகிய ஆள் ஒருத்திதான். இளையவள் சுவரோரம் போய் நின்றாள்.

"அக்கா... கொஞ்சம் வாங்களேன்."

மூத்தவள் வந்தாள். உட்கார்ந்து ஆட்டின் தலையை நிமிர்த்திப் பிடித்தாள். இளையவள் மருந்துக் குப்பியை அவளிடம் நீட்டினாள்.

"நீயே ஊத்து," என்றாள் மூத்தவள். "நான் ஊத்துனா நாளைக்கு அதையும் விஷம்னு சொல்லுவே."