ஓடைக்கு அக்கரையில் வேனா

போரில் தோற்ற பல்கேரியாவின் தலையில் கட்டிய சமாதான ஒப்பந்தம், பாரிஸிலிருந்து ஸ்டாமெனாவின் ஊருக்கு வந்துசேர ஒரு வருஷம் ஆயிற்று. 1920 நவம்பரில் அதிகாரிகள் வரைபடத்தோடு வந்தார்கள். ஓடைதான் இனி எல்லை என்றார்கள். அக்கரையில் இருந்த பத்து வீடுகளும் மாதா கோயிலும் செர்பியர் பக்கம் போயின. அந்தப் பத்தில் ஒன்று, போன மாதம்தான் அவள் மகள் வேனா வாழ்க்கைப்பட்டுப் போன வீடு. புருஷனைப் போரில் பறிகொடுத்த ஸ்டாமெனா, கூப்பிடு தூரத்தில் கொடுத்திருக்கிறோம் என்று அதுவரை நிம்மதியாக இருந்தாள்.

அனுமதிச் சீட்டுக்காக சோபியா வரை போனாள். "போய்ட்டு வாங்கம்மா, சொல்லியனுப்புறோம்" என்றார் எழுத்தர். யாரும் சொல்லியனுப்பவில்லை. கரைக்குக் கரை பேசக்கூடாது என்று செர்பியக் காவலர்களின் உத்தரவு வேறு. மீறினால் வேனாவின் புருஷனைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள்.

பனி உருகியதும் ஸ்டாமெனா பசுவை ஓடைக்கு ஓட்டிப் போனாள். அக்கரையில் வேனா துணி அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் ஆடு.

"ஏண்டி, ஒழுங்கா திங்கிறியா இல்லையா? இப்படித் துரும்பா இளைச்சுப் போயிட்டியே!" என்று பசுவைப் பார்த்துக் கத்தினாள். பசு கொழுகொழுவென்று நின்றது.

வேனா தலை நிமிரவில்லை. ஆட்டைப் பார்த்து, "மூணு வேளையும் தின்னுட்டு என்ன முறைக்கிற? சினையா இருக்கேன்னு மாமியாக்காரி பார்த்துப் பார்த்துத்தானே போடுறா!" என்றாள்.

ஸ்டாமெனா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதன்பிறகு தினமும் போனாள்.

"மாட்டைத் திட்டப் போறதுக்கு இவ்வளவு சிங்காரமாக்கா?" என்று பக்கத்து வீட்டு ட்சோனா சீண்டினாள்.

"உனக்கென்னடி, உன் மக உன் அடுப்படியில நிக்கிறா."

ஆகஸ்டில் மூன்று வாரம் வேனாவைக் காணோம். பிறகு ஒரு காலை, மார்போடு ஒரு துணிப் பொதியை அணைத்தபடி வந்து நின்றாள். ஸ்டாமெனா பசுவை மறந்தே போனாள்.

"கிடாவா, பெட்டையா?"

"பெட்டைம்மா! பேரு ஸ்டாமெனா!"

காவலன் திரும்பிப் பார்த்தான். வேனாவின் புருஷன் நான்கு நாள் கொட்டடியில் கிடந்தான். அந்த வாரமே அக்கரையில், ஓடையிலிருந்து நூறு அடி தள்ளிக் கம்பிவேலி போட்டார்கள். அப்புறம் தூரத்தில் வேனா வீட்டுக் கொடியில் காயும் சின்னச் சட்டைகள்தான் ஸ்டாமெனாவுக்குத் தெரிந்தன. அவை வருஷத்துக்கு வருஷம் நீண்டன.

மூன்றாம் வருஷம், பீட்டர் திருநாளன்று ஒரே ஒரு பகல் பொழுதுக்கு வழி திறந்துவிட்டார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சுமந்துகொண்டு ஸ்டாமெனா ஓடினாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. வேனா அம்மாவின் மடியில் தலைசாய்த்துப் படுத்துவிட்டாள்.

குழந்தை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இது?" என்றது. எவ்வளவு கூப்பிட்டும் கிட்டே வரவில்லை. சாயங்காலம் அது தூங்கிப்போன பிறகுதான் ஸ்டாமெனாவால் அதைத் தூக்க முடிந்தது. நல்ல கனம். வழியை மூடக் காவலர்கள் கொம்பு ஊதும்வரை அசையாமல் மடியில் வைத்திருந்தாள்.

"எழுப்பட்டுமாம்மா?" என்றாள் வேனா.

"வேண்டாம்டி. முழிச்சா இறங்கிப் போயிடும்."