மேசையைச் சுற்றி இருந்த ஆறு பேர்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஆறு பேர்: பஸ்தியாம்பிள்ளை ஆகிய நான், என் மனைவி கிளோறியா, மகள் றொஷானி, அவளோடு அகதிகளுக்கான உதவி நிலையத்தில் தொண்டு செய்கிற, சட்டம் படித்த டேனிஷ்காரர் ஜோனாஸ், கீழ்மாடியில் குடியிருக்கும் ஆப்கானியர் முராத் அலி, பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்க வந்த குருசுமுத்து. வேறு எவரும் இல்லை. பெயர்களை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம், அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது டென்மார்க்கின் இந்த ஹொல்ஸ்டெப்ரோ நகரம் முழுக்க அன்று நடந்ததைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

முராத் அலியை நான் முதலில் கவனித்தது எங்கள் கட்டடத்தின் சைக்கிள் நிலவறையில். கதவு ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. நாற்பத்தைந்து வயது, தனி ஆள். ஆனால் அவரிடம் சிறுமி ஒருத்திக்கான சிவப்புச் சைக்கிள் ஒன்று இருந்தது. அதை எவரும் ஓடி நான் கண்டதில்லை. ஒரு நாள் கைபேசியைப் பார்த்துப் பார்த்து அதன் இருக்கையை இரண்டு விரல் உயர்த்திக்கொண்டிருந்தார். பிறர் விஷயத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்டேன்.

"மகளுக்கு," என்றார். "பாகிஸ்தானில், குவெட்டாவில் இருக்கிறாள். மனைவி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவளைச் சுவரோடு நிறுத்தி அளந்து அனுப்புவாள்."

நாங்கள் பேசியது டேனிஷில். அவருடைய டேனிஷும் என்னுடைய டேனிஷும் தடி ஊன்றி நடப்பவை. ஆனால் இரண்டும் ஒரே வேகம்.

மனைவி சக்கீனா, பதின்மூன்று வயது ஷுக்ரியா, எட்டு வயது மகன். அவர்களைக் கண்டு ஆறு வருடம். அவர்களை இங்கே அழைப்பதற்குக் கொடுத்த விண்ணப்பம் இரண்டு வருடம் கிடந்து, பிறகு ஒரு கடிதம் வந்தது. உறவை உறுதிப்படுத்த மரபணுச் சோதனை செய்யவேண்டும், சம்மதம் என்று ஒரு கையெழுத்து வேண்டும். இதற்காகவே காத்திருந்த மனிதர் கையெழுத்து வைக்கவில்லை. பத்தொன்பது நாள் போய்விட்டது.

ஏன் என்ற கேள்வி எனக்குள் இருந்து குடைந்தது.

"ஊசிக்குப் பயமாக்கும்," என்றாள் கிளோறியா.

"ஊசி இல்லையம்மா. வாய்க்குள்ள பஞ்சு விட்டு எடுக்கிறது," என்றாள் றொஷானி.

அதனால்தான் அவரை அந்த ஞாயிறு கூப்பிட்டோம். ஜோனாஸ் சுற்றிவளைக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை கடைசி நாள். பதில் போகாவிட்டால் விண்ணப்பம் முடிந்தது," என்றார்.

முராத் அலி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். குருசுமுத்து தமிழில் என் காதைக் கடித்தார்: "அண்ணை, உவர் இஞ்ச வேற ஆரையும் பாத்திட்டாரோ தெரியேல்லை. கேளுங்கோவன்."

"நீர் றோல்ஸைச் சாப்பிடும்," என்றேன்.

பிறகு முராத் அலியிடம் நேராகக் கேட்டேன். "சோதனை என்ன சொல்லிவிடும் என்று யோசிக்கிறீர்கள்?"

"மகன் என் மகன் என்று சொல்லும்."

"மகள்?"

கோப்பையைக் கீழே வைத்தார். "ஷுக்ரியா என் அண்ணனின் பிள்ளை. கஸ்னியில் அண்ணனும் அண்ணியும் ஒரே நாளில் போனார்கள். அவளுக்கு ஒன்பது மாதம். அண்ணனைப் புதைத்த இடத்தில் நின்று சொன்னேன், இவளை அநாதை என்று சொல்ல எவரையும் விடமாட்டேன் என்று. விண்ணப்பத்தில் மகள் என்று எழுதினேன். அது பொய் இல்லை."

ஜோனாஸ் பேனையை மூடிவைத்தார். "சோதனையில் இது தெரிந்தால் சக்கீனாவையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். நீங்களாக இப்போது எழுதினால், வளர்த்த பிள்ளை என்று கேட்கலாம். கடினம்தான். ஆனால் வழி இருக்கிறது."

"அவள் என் மகள் இல்லை என்று என் கையால் எழுதமாட்டேன்."

"அப்படியென்றால் அவள் அங்கே யாரோடு இருப்பாள்?" என்று றொஷானி கேட்டாள்.

நான் எழுந்து படுக்கையறைக்குப் போய் அலுமாரியில் பத்திரங்கள் வைத்திருந்த நீல நிறக் கோப்பு ஒன்றை எடுத்துவந்தேன். கிளோறியா அதைக் கண்டதுமே, "வேண்டாமப்பா, குருசுமுத்து அண்ணை இருக்கிறார்," என்றாள்.

"இருக்கட்டும்."

1989இல் குடிவரவு அலுவலகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த தாளை முராத் அலியின் முன் விரித்தேன். எங்கள் மூத்தவன் றொனிஷனின் பெயர். அதன் கீழே டேனிஷில், சகோதரனின் மகன் என்று ஒரு சொல்.

"என் தம்பியின் பிள்ளை," என்றேன். "தாய் பிரசவத்தில் போனாள். தம்பி குருநகரிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அலுவலகத்துக்கு உள்ளதை எழுதினேன். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மகன் என்றேன். இத்தனை வருடத்தில் இரண்டும் சண்டை பிடிக்கவில்லை."

"அவருக்குத் தெரியுமா?"

"பத்து வயதில் சொன்னேன். கேட்டுவிட்டு, பந்தடிக்கப் போகட்டுமா என்றான்."

முராத் அலி அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா?"

"இவ்வளவு நாளும் தெரியாது." நான் குருசுமுத்துவைப் பார்த்தேன். பாதி றோல்ஸ் அவர் வாயில் இருந்தது.

"அண்ணை, என்ர வாயால ஒண்டும் வெளிய போகாது," என்றார் அதை விழுங்கிவிட்டு.

கடிதத்தை முராத் அலி சொல்லச் சொல்ல றொஷானி எழுதினாள். 'மகள் இல்லை' என்று ஓரிடத்திலும் வரக்கூடாது என்பது அவருடைய கட்டளை. 'என் அண்ணனுக்குப் பிறந்து, ஒன்பது மாதத்திலிருந்து என் மகளாக வளர்பவள்' என்று எழுதினார்கள். ஜோனாஸ் இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையசைத்தார். சம்மதத்திலும் முராத் அலி கையெழுத்து வைத்தார்.

இலையுதிர் காலத்தில் சக்கீனாவுக்கும் மகனுக்கும் அனுமதி வந்தது. பெண்பிள்ளைக்கு வரவில்லை. வந்தால் மூன்று பேரும், இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை என்று சக்கீனா சொல்லிவிட்டாள். இன்னும் ஏழு மாதம் போய், ஷுக்ரியாவுக்கும் அனுமதி வந்தது. சித்திரையில் மூவரும் பில்லுண்ட் விமான நிலையத்தில் இறங்கினார்கள்.

அடுத்த நாளே ஷுக்ரியா நிலவறைக்கு வந்து சைக்கிளில் ஏறிப் பார்த்தாள். இருக்கை ஒரு விரல் உயரம் கூடிவிட்டது. கடைசித் தடவை சப்பாத்தோடு நிறுத்தி அளந்துவிட்டார்களாம். முராத் அலி மிகுந்த மகிழ்ச்சியோடு அதைத் திரும்பக் கீழே இறக்கினார்.

இனி, ஊரில் உலாவும் கதைக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு ஒரு கிழமை போகவில்லை, அது அடுத்த நகரமான விபோர்க் வரை போய்விட்டது. ஒடென்சேயில் இருக்கும் றொனிஷன் தொலைபேசியில் அழைத்தான். "அப்பா, நான் உங்கட மகன் இல்லையெண்டு எழுதிக் குடுத்திட்டீங்களாம். நத்தாருக்கு வாறதுக்கு நானும் விண்ணப்பம் போடவேணுமோ?"

"றோல்ஸ் மிச்சம் இருந்தால் வா," என்றேன்.

ஆப்கானியர் ஒருவருக்காகப் பஸ்தியாம்பிள்ளை தன் பிள்ளையை இல்லையென்று எழுதிக் கொடுத்தார் என்பது பிழை. அன்று நான் எந்தத் தாளிலும் எழுதவில்லை. றொனிஷன் என் தம்பிக்குப் பிறந்தவன். அவன் என் மூத்த மகன்.