அவளுக்குச் சின்னப் பலூன்

நூறாவது புத்தகத்துக்கும் ஸ்டேப்ளர் பின் அடித்து முடித்து, அடுக்கைத் தட்டிச் சமப்படுத்தும்போதுதான் டீச்சர் மேலேயிருந்த பிரதியைப் பிரித்துப் பார்த்தாள். படங்கள் இருந்தன. பேசுகிறவர்களின் வாயருகே வசனம் எழுதுகிற பலூன்களும் இருந்தன. பலூனுக்குள் ஒரு எழுத்துகூட இல்லை. இருபத்து நாலு பக்கத்திலும் பலூன்கள் வெள்ளை வெளேரென்று காலி! கம்ப்யூட்டரில் படம் ஒரு அடுக்கு, வசனம் அதற்கு மேல் இன்னொரு அடுக்கு. கோடுகளைத் திருத்துவதற்காக வசன அடுக்கை மறைத்து வைத்தவள், அச்சுக்குக் கொடுக்கும்போது அதைத் திரும்பப் போட மறந்துவிட்டாள். "குடுக்கறதுக்கு முன்னாடி எல்லா அடுக்கையும் பாருங்க" என்று பதினோரு வருஷமாக வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவளும் இவளேதான். உபதேசமெல்லாம் ஊருக்குத்தானே!

அவளுடைய சொந்தப் புத்தகமாக இருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பாள். இது அவளிடம் காமிக்ஸ் படிக்க வரும் ஒரு பஸ் டிரைவருடையது. பாங்க் உத்தியோகத்தை உதறிவிட்டு, செருப்புக்கடை மாடியில் இந்த ஒற்றை அறையைப் பிடித்து, தானே வரைந்து, தானே மடித்து, தானே விற்று, சனிக்கிழமைகளில் காமிக்ஸ் வகுப்பும் நடத்தித்தான் அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ பேர் வந்தார்கள், நாலு வாரத்தில் காணாமல் போனார்கள். டிரைவர் மட்டும் இரண்டு வருஷமாக ஒரு சனிக்கிழமையும் தப்பவிட்டதில்லை. உள்ளே நுழையும்போது திறக்கிற வாயைப் படியிறங்கும்வரை மூடமாட்டார். தன்னையும் மகளையும் வைத்து அவர் வரைந்த கட்டங்களிலும் அதே கதைதான். முக்கால் கட்டத்தை அடைத்துக்கொண்டு அவருடைய பலூன், மூலையில் மகளுக்கு ஒரு பட்டாணிப் பலூன்.

"சார், பேச்சைக் கொஞ்சம் குறைங்களேன். பொண்ணுக்கு இடமே இல்ல."

"எப்படிக் குறைக்கறது டீச்சர்? மன்னிப்புக் கேக்கறதுன்னா விவரமாத்தான கேக்கணும்?"

மன்னிப்புக்குக் காரணமும் அந்த வாய்தான். கல்யாணம் முறிந்துபோனதை மகள் அப்பாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அவர் மனசு தாங்காமல் முன்சீட்டுக்காரரிடம் சொன்னார், மறுநாள் கண்டக்டரிடம் சொன்னார், அப்புறம் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னார். ஒரு வாரம் கழித்து மகள் அதே பஸ்ஸில் ஏறியபோது முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அவள் கையைப் பிடித்து, "உனக்கென்ன வயசாயிடுச்சு, வேற நல்ல எடமா அமையும்மா" என்றாளாம். மகள் இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொண்டாள். அதோடு பேச்சும் நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான். மூன்று வருஷத்துக்கப்புறம், புத்தக வெளியீட்டுக்கு அவர் அனுப்பிய அழைப்புக்கு "பாக்கறேன்" என்று ஒரே ஒரு சொல் பதிலாக வந்தது. அதையும் மனுஷன் வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டார்.

நாலு மணிக்கு வெளியீடு. மூன்றேகாலுக்கே டிரைவர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நின்றார். டீச்சர் ஒரு பிரதியை நீட்டினாள்.

"சார், பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

அவர் புரட்டினார். முகம் செத்துப்போயிற்று. "கையால எழுதிடலாம் சார், பத்துப் பிரதியாவது எழுதிடலாம்" என்று டீச்சர் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கதவருகே நிழல் தட்டியது. மகள் வந்துவிட்டாள்.

அவள் உட்காரவில்லை. மேஜையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். "இதுலயும் என் கதைய ஊருக்கே சொல்லி வச்சிருப்பீங்கன்னு தெரியும். ஆளுங்க வர்றதுக்குள்ள பாத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்." படபடவென்று புரட்டினாள். கை மெல்ல மெல்ல நிதானப்பட்டது.

"ஒண்ணுமே எழுதலியேப்பா."

டிரைவர் ஆமாம் என்று ஒரு தலையாட்டல் ஆட்டியிருந்தால் போதும், வேண்டுமென்றே விட்டதாக மகள் நம்பியிருப்பாள். டீச்சரும் வாயைத் திறந்திருக்கமாட்டாள். ஆனால் அவர் ஆட்டவில்லை.

"டீச்சர் கைதவறி விட்டுட்டாங்கம்மா. நான் எல்லாத்தையும் எழுதித்தான் வச்சிருந்தேன். உன் பேரு, அந்த வீட்டு விவரம், ஒண்ணு விடல."

அப்போதுதான் டீச்சருக்குச் சுரீரென்று உறைத்தது. பஸ்ஸில் சொன்னதையே அச்சடித்து இன்னும் நூறு பேருக்குச் சொல்லத்தான் இரண்டு வருஷமாக இந்த மனுஷனுக்குக் கோடு திருத்திக் கொடுத்திருக்கிறாள். பலூன் பெரிதா சிறிதா என்று பார்த்தாளே தவிர, அது யாருடைய பேச்சு என்று ஒரு நாளாவது யோசித்தாளா?

மகள் புத்தகத்தை மேஜைமேல் விரித்து வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பேனா குடுங்க."

முதல் பக்கத்திலிருந்த பட்டாணிப் பலூனில் எழுதத் தொடங்கினாள். இரண்டு சொல்லில் அது நிறைந்துவிட்டது. எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தாள். விளிம்பைத் தாண்டி எழுதினாள். அதுவும் போதவில்லை.

"எனக்கு எடம் பத்தல. உங்களோடதுல எழுதிக்கறேன்."

டிரைவர் தலையசைத்தார். அந்த மனுஷன் தலையசைப்பால் பதில் சொல்லி டீச்சர் பார்த்ததேயில்லை.

பக்கம் பக்கமாக மகள் எழுதிக்கொண்டே போனாள். அதைப் படிப்பது முறையில்லை என்று டீச்சர் எட்டவே நின்றாள். ஆனாலும் படங்கள் தெரிந்தன. அம்மாடி! பேசுவதற்காக டிரைவர் வரைந்த அந்தத் திறந்த வாய், மேலே மகளின் எழுத்து ஏற ஏற, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவனின் வாயாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு கோடு மாறவில்லை. இத்தனை வருஷம் இந்தத் தொழிலிலேயே கிடந்தும், ஒரு தாளுக்குள் இப்படியெல்லாம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்றே!

கீழே வெளியீட்டுக்கு வந்த ஆட்களின் பேச்சுக்குரல் கேட்டது. டீச்சர் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

கடைசிக் கட்டத்தில் அப்பாவின் பெரிய பலூனில் மகள் எதுவும் எழுதவில்லை. அதற்குள்ளேயே பட்டாணி அளவுக்கு ஒரு சின்னப் பலூன் வரைந்தாள். பேசுவது யாரென்று காட்டும் அதன் வாலை அப்பாவின் வாய்வரை இழுத்துவிட்டாள். புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினாள்.

டிரைவர் வாங்கிக்கொண்டார். குனிந்து, அந்தச் சின்ன வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா முனை தாளுக்கு ஒரு நூலிழை மேலே நின்றது.