தம்பதி பாஸ்

என் வீட்டுக்காரர் பர்னபாஸுக்கு மிச்சம் பிடிக்கிற வியாதி உண்டு. தூத்துக்குடியில் உப்புக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. சோப்புக்குச் சீப்பு இலவசம் என்று எவனாவது கூவினால் ஆறு சோப்பும் ஆறு சீப்புமாக வந்து நிற்பார். அவர் தலையில் சீப்புக்கு வேலை இல்லாமல் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு குடும்பம் நடத்தினவள்தான் நான். எழுபத்தெட்டாம் வருஷம் மெட்ராஸுக்குப் போய்வந்ததை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

எனக்கு ஒரே அண்ணன், பெயர் ரோச். கப்பலில் வேலை. ஏழு வருஷமாக அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அம்மா இறந்தபோது எந்தக் கடலில் இருந்தானோ, அடக்கம் முடிந்து இருபது நாள் கழித்துத்தான் அவனுக்குச் சேதியே போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் ஜூலையில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. கப்பல் மெட்ராஸுக்கு வருகிறது, மூன்று நாள் நிற்கும், ஊருக்கு வந்துபோக லீவு தரமாட்டார்கள், நீ மெட்ராஸ் வந்தால் பார்க்கலாம் என்று எழுதியிருந்தான். முந்தின வருஷம் ஒரு ஆள் மூலமாக எனக்கு ஜப்பான் நைலான் சேலை ஒன்று கொடுத்தனுப்பியிருந்தான். பெரிய பெரிய பூப்போட்டது. அதைக் கட்டிக்கொண்டு வா, உனக்கு எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தான்.

அந்தச் சேலையை நான் ஒரு நாளும் கட்டவில்லை. அண்ணன் முன்னால்தான் முதலில் கட்ட வேண்டும் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன்.

மெட்ராஸ் என்றதும் என் வீட்டுக்காரர் கண்ணில் வெளிச்சம் வந்தது. அண்ணனைப் பார்க்கிற சந்தோஷம் என்று நான் தப்பாக நினைத்துவிட்டேன். மறுநாளே எங்கிருந்தோ ஒரு டிராவல்ஸ் கம்பெனி நோட்டீஸைக் கொண்டுவந்தார். மெட்ராஸைச் சுற்றிப் பார்க்க பாஸ். அரை நாள் பாஸ் ஒன்று, ஒரு நாள் பாஸ் ஒன்று, மூன்று நாள் தம்பதி பாஸ் ஒன்று. எட்டு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகூட அப்படி உட்கார்ந்திருக்காது.

நமக்கு அரை நாள் பாஸே போதும், அதுகூட வேண்டாம், அண்ணனைப் பார்த்துவிட்டு வருவோம் என்று சொன்னேன். அரை நாள் பாஸில் ஒரு இடத்துக்கு இவ்வளவு விழுகிறது, தம்பதி பாஸில் அதில் பாதிதான் விழுகிறது, இருபத்தொரு இடம் போக லைட் ஹவுஸ் முன்னால் தம்பதியாக ஒரு போட்டோ சும்மாவே எடுத்துத் தருகிறான், இதை விடுகிறவன் மடையன் என்றார். நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் தம்பதி இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் பாஸ் செல்லும். கொடுத்த பணம் திரும்பக் கிடையாது. அதை நான் விரலால் தொட்டுக் காட்டினேன். நாம என்ன ஆளுக்கொரு பக்கமாவா போகப்போறோம் என்று சிரித்தார்.

பிள்ளைகளை மணப்பாட்டில் மாமியாரிடம் விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டி, அந்தச் சேலையைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறினோம். திங்கள் காலை எழும்பூரில் இறங்கியதும் நேராகத் துறைமுகத்துக்குப் போவோம் என்றேன். அவர் பாஸைப் புரட்டினார். இரண்டாம் நாள், ஒன்பதாவது இடம், துறைமுகம். பாஸிலேயே துறைமுகம் இருக்கும்போது தனியாக பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போவானேன், நாளைக்குக் கம்பெனி பஸ்ஸே கொண்டுபோய் இறக்கிவிடும், மூன்று நாள் நிற்கிற கப்பல் அதற்குள் ஓடியா போகும் என்றார். நானும் மண்டையை ஆட்டினேன். அந்த மண்டையை இன்றைக்கும் சுவரில் முட்டலாம் போல இருக்கிறது.

முதல் நாள் மிருகக்காட்சிச் சாலை, மியூசியம், மீன் காட்சி என்று எட்டு இடம். மீன் காட்சியில் கண்ணாடித் தொட்டிக்குள் மீனை நீந்தவிட்டு, இது இன்ன மீன் என்று கைடு பாடம் நடத்தினார். எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியைப் பார்க்காத மீன் அதில் ஒன்றுகூட இல்லை. மியூசியத்தில் இன்னும் மோசம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு முத்துச்சிப்பி. பக்கத்தில் அட்டையில், தூத்துக்குடி என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவில் காலைக் கிழிக்கிற சிப்பியை ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து போய்க் காசு கொடுத்துப் பார்த்த ஒரே புருஷன் என் புருஷனாகத்தான் இருக்கும். அந்த அட்டையைச் சத்தமாக வாசித்து, பார்த்தியா, நம்ம ஊரு என்று பெருமை வேறு. ஒவ்வொரு இடத்திலும் பாஸில் ஓட்டை போடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கோயிலில் நற்கருணை வாங்குகிற முகம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதாவது இடம் வந்தது. தூத்துக்குடிக்காரர்களை மெட்ராஸில் நிறுத்தி வைத்துக் கப்பல் காட்டினார்கள். கைடு கம்பை நீட்டி, இதுதான் கிரேன் என்றார். என் வீட்டுக்காரர் கிரேனைக் கண்ணால் கண்டிராதவர் மாதிரி வாயைப் பிளந்தார். நான் கப்பல்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனேன். அண்ணன் எழுதியிருந்த பெயர் எதிலும் இல்லை.

கையில் காகிதக் கட்டோடு போன ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸ்காரரை நிறுத்திக் கேட்டேன். நல்ல மனுஷர், கட்டைப் பிரித்துப் பார்த்துச் சொன்னார். இங்கே இடம் காலியில்லை என்று அந்தக் கப்பலைக் கடலிலிருந்தே தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். திங்கள் காலை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. புதன் சாயங்காலம் புறப்பட்டுவிடும்.

அண்ணன் எங்கள் ஊரில் இருக்கிறான். நான் அவனைப் பார்க்க வந்து மெட்ராஸில் கிரேன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமையே இங்கே வந்து கேட்டிருந்தால் அன்றைக்கு ராத்திரியே ரயில் ஏறியிருப்பேன், இன்றைக்கு மத்தியானம் அவனுக்கு என் கையால் சோறு போட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அழுகைதான் வந்தது.

இன்றைக்கு ராத்திரி ரயிலுக்குப் போய்விடுவோம், நாளைக்குப் பதினோரு மணிக்கு ஊரில் இருக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் பாஸைப் பார்த்தார்.

“ரோச் எங்க போயிறப் போறான்? இன்னும் ரெண்டு வருஷத்துல திரும்ப வருவான். பாஸு நாளையோட முடிஞ்சிரும்லா.”

“அப்ப நீங்க பாஸப் பாத்துக்கிடுங்க. நான் எங்க அண்ணனப் பாத்துக்கிடுதேன்.”

“ஏளா, நீ போயிட்டா பாஸு செல்லாது.”

நான் போனால் அவருக்குக் குறைவது அதுதான். பஸ்ஸில் கூட வந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். லாட்ஜுக்கு வந்து பெட்டியைத் திறந்து என் சேலையையாவது எடுத்துத் தாருங்கள் என்றேன். பஸ் இப்போது லைட் ஹவுஸுக்குப் போகிறது, நடுவில் இறங்கினால் மூன்று இடம் போய்விடும் என்றார். பெட்டிச் சாவியையும் தரவில்லை. சாவி இல்லாமல் நான் போகமாட்டேன், அவர் திரும்பி வரும்வரை பொறுத்திருப்பேன், அதற்குள் ரயிலும் போய்விடும், என் மனசும் மாறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அண்ணனுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த காசோடு, கட்டிய சேலையோடு எழும்பூருக்குப் போய் டிக்கெட் எடுத்தேன். பெண்கள் பெட்டியில் தரையில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன்.

பக்கத்து வீட்டு ஜெயபாய் என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் திங்கட்கிழமையும் வந்தானாம், செவ்வாய்க்கிழமையும் வந்தானாம். என்னைப் பார்க்க இவன் இங்கே வர, இவனைப் பார்க்க நான் அங்கே போயிருக்கிறேன் என்று கேட்டதும் சிரித்தானாம். அப்புறம் அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்துவிட்டுப் போனானாம். முகத்தைக்கூடக் கழுவாமல் புதுத் துறைமுகத்துக்கு பஸ் பிடித்தேன். முத்தையாபுரம் தாண்டி அந்த பஸ் என்ன உருட்டு உருட்டியது.

கேட்டில் இருந்த காவலாளி உள்ளே போக விடவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து, உள்ளே போகிற லாரிக்காரரிடம் அண்ணன் பெயரைச் சொல்லி அனுப்பினார். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். அண்ணன் கிரீஸ் கையோடு ஓடிவந்தான். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்டான். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அரை மணி நேரம்தான் அவனை விட்டார்கள். போகிறபோது என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“ஏளா, சேல எங்க? கட்டலையா?”

“பெட்டியில இருக்கு அண்ணே. அடுத்த தடவ வரும்போது கட்டிட்டு வாரேன்.”

அடுத்த தடவை எப்போது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரயில் புழுதியும் வியர்வையுமாக இருந்த பழைய நூல் சேலையில்தான் என் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் வந்து இறங்கினார். அண்ணனைப் பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்து மேஜையில் வைத்தார். இருபத்தொரு ஓட்டை. நான் போன பிறகு அன்றைக்கு லைட் ஹவுஸில் அவரைத் தனியாள் என்று உள்ளே விடவில்லையாம். அப்புறம் அவருக்கு மூளை வேலை செய்ததாம். லாட்ஜில் தண்ணீர் சுமக்கிற வடிவம்மாளிடம் பேசி, புதன்கிழமை அவளைச் சம்சாரம் என்று கூட்டிக்கொண்டு போனாராம். விட்டுப்போன இடங்களையும் கைடிடம் கெஞ்சிச் சேர்த்துக்கொண்டாராம். இதை அவர் என்னிடமே, எதிரே நின்று, காப்பியை ஆற்றிக்கொண்டு சொன்னார்.

அதற்குச் சாட்சியாக ஒரு போட்டோவையும் நீட்டினார். லைட் ஹவுஸ் முன்னால் இவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். பக்கத்தில் அறுபது வயசு அம்மாள் ஒருத்தி, முன்பல் இல்லாமல், வாய் நிறையச் சிரிப்பாக நிற்கிறாள். கறுப்பு வெள்ளைப் போட்டோதான், ஆனாலும் சேலையின் பெரிய பெரிய பூ நன்றாகத் தெரிந்தது.

கிழிந்த சேலையோடு வந்தால் நம்பமாட்டார்கள் என்று என் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். சேலை எங்கே என்று கேட்டேன்.

“ஒரு நாள் கூலி கேட்டா. சேலையையே வச்சுக்கோன்னுட்டேன். அது நாம காசு குடுத்து வாங்குனது இல்லையே.”

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் அவருக்கு விளங்கும் என்கிற நம்பிக்கை அன்றோடு போய்விட்டது. அவர் வேலைக்குப் போனதும் கத்தரியை எடுத்துப் போட்டோவை நடுவில் வெட்டினேன். வடிவம்மாள் இருந்த பாதியைக் கவரில் வைத்து அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். “அண்ணே, சேலை பெட்டியில இருக்குன்னு நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். நீ வாங்கிக் கொடுத்த சேலையை முதலில் கட்டினது இந்த அம்மாள். இவள் பேரில் குற்றமில்லை, மெட்ராஸிலேயே இருந்தும் ஊரை அன்றைக்குத்தான் பார்த்தாளாம். சேலை நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.”

மற்ற பாதியைக் காசு கொடுத்து ஃபிரேம் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினேன். இதற்கு எவ்வளவு கொடுத்தாய் என்று மட்டும் கேட்டார். அதில் அவர் தனியாகத்தான் நிற்கிறார். அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கத்தரி விட்டுவைத்த முந்தானை ஓரம், இரண்டு பூ. அண்ணன் வாங்கிக் கொடுத்த சேலையில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.