கருவாயன் பிடித்த வாடை

புஷ்பவல்லியின் தம்பி தேனிப் பக்கம் லாரி ஓட்டிப் போய்த் திரும்பியபோது ஒரு கோம்பை நாய்க்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். செம்பழுப்பு உடம்பு, கரி பூசினாற்போல் வாய். "காட்டுப்பன்னிய வாடை புடிச்சே தொரத்துற ஜாதி இது, அக்கா" என்றான். கருவாயன் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் காட்டுப்பன்றிக்கு எங்கே போவது? மூன்றாவது மாடியில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று கண்டுபிடிப்பதே அதற்கு வேட்டையாகிவிட்டது.

போன ஞாயிறு காலை, அவள் கணவர் கோதண்டம் நடைப்பயிற்சிக்குப் போய்விட்டு வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு திரும்பினார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மேல் பல்செட்டைக் காணோம்.

"எங்கய்யா பல்லு?"

"வர்ற வயில எங்கியோ உயுந்துட்ச்சி. வுடு."

அவள் விடுவதாக இல்லை. பல்செட் டப்பாவை நாயின் மூக்கருகே நீட்டினாள். அது முகர்ந்துவிட்டு நேரே கோதண்டத்தின் மேல் தாவி அவர் முகத்தை நக்கியது.

"ஆளு இல்லடா, பல்லு!"

"அதுக்கு இன்னா தெரியும்? கம்முனு கெட" என்று கோதண்டம் கதவை மறித்தார். அதற்குள் கருவாயன் அவர் காலிடுக்கில் புகுந்து படியிறங்கிவிட்டது. இழுபட்ட சங்கிலியை எட்டிப் பிடித்துக்கொண்டு புஷ்பவல்லி ஓடினாள். பின்னால் அவர்.

முதலில் நின்றது வசீமின் டீக்கடையில்.

"பல்லா? இங்க இல்லியேக்கா. நைனா எப்பவும்போல ரெண்டு பாதுஷா துன்னாரு, டீ குட்சாரு, பூட்டாரு."

புஷ்பவல்லி திரும்பினாள். கோதண்டம் எதிர்ச்சுவர் போஸ்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"சக்கர வியாதிய வெச்சிகினு பாதுஷா!"

நாய் மறுபடி இழுத்தது. இரண்டு சந்து தாண்டி ஃபுட்பால் மைதானம். ஆட்டம் பாதியில் நிற்க, பெண் பிள்ளைகள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏய், ரெஃப்ரீ சார் வந்துட்டாருடி!"

கோல் கீப்பர் நவ்ரீன் ஒரு டிபன் பாக்ஸோடு ஓடிவந்தாள். "விசில் ஊதும்போது பறந்துச்சே, கோல் போஸ்டாண்ட கெடச்சிது சார். கயுவி வெச்சிகீறேன். நாங்க சிரிச்சதுக்கு கோச்சிகினு பூட்டீங்களே!"

இதய ஆபரேஷனுக்குப் பிறகு மைதானத்துப் பக்கமே போகக் கூடாது என்று புஷ்பவல்லி அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது அவள் குரல் இறங்கிப்போயிற்று.

"எத்தினி நாளா?"

"தை மாசத்துலேர்ந்து. மெதுவா ஓடலாம்னு டாக்டரே சொன்னாரு. நீ பயப்படுவேன்னுதான்..."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு தூரம் பின்னாலேயே ஓடிவந்தவருக்கு இரைப்பு இல்லை. அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"டாக்டராண்ட நானே கேக்கறேன். பாதுஷா மட்டும் இன்னியோட கட். போ, இவளுங்க காத்துகினு கீறாளுங்க."

கோதண்டம் பல்லை மாட்டி, உதட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு விசில் ஊதினார். பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை அவரும் சிரித்தார்.

விசில் சத்தம் கேட்டதும் கருவாயன் சங்கிலியை உருவிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடிய அதை நாலு பேர் துரத்தியும் மடக்க முடியவில்லை. கோதண்டம் மஞ்சள் அட்டையை எடுத்து நாயிடம் நீட்டினார்.

"யோவ், அது இன்னா தப்பு பண்ணிச்சி?" என்று கோட்டுக்கு வெளியே நின்று சண்டைக்கு வந்தாள் புஷ்பவல்லி.