தக்காளித் தோட்டத்துக் காவல்

அகரம் வாய்க்கால் கரையில் படச்சட்டத்தை நிறுத்தி, திண்டுக்கல்லிலிருந்து வந்த ஓவியர் கிளெமென்ட் காலையிலிருந்து ஒச்சாயியின் தக்காளித் தோட்டத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். ஒச்சாயிக்குப் பெருமை பிடிபடவில்லை. மோரைக் கொடுத்துவிட்டுப் படத்தை எட்டிப் பார்த்தாள். பின்னால் சிறுமலை, முன்னால் காய்த்துக் குலுங்கும் செடிகள். நடுவில் எதையோ தேடினாள்.

"தம்பி, பொம்மைய எங்க?"

தோட்டத்து நடுவில் நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கும் திருஷ்டி பொம்மை படத்தில் இல்லை.

"அது வேணாம்மா. படத்தோட அழகக் கெடுத்துரும்."

"அழகக் கெடுக்கத்தான தம்பி அத வச்சிருக்கேன்!"

போன வருஷம் ரோட்டில் போன ஒருவன் வண்டியை நிறுத்தி 'அடேயப்பா' என்றான். அவ்வளவுதான், அடுத்த வாரமே இலையெல்லாம் சுருண்டுபோனது. பூச்சி என்றார்கள் படித்தவர்கள். பூச்சிக்கு வழி காட்டியது யார் என்று ஒச்சாயிக்குத் தெரியும். இந்த வருஷ விளைச்சலும் போனால் அவளால் தாங்க முடியாது.

கிளெமென்ட் நல்ல மனிதர். படத்தின் ஓரத்தில் நகத்தளவு ஒரு பொம்மையை வைத்தார்.

"இம்புட்டூண்டா? பாக்குறவுக கண்ணு மொதல்ல அதுலதான் விழணும்."

"இங்கேருந்து அது மூஞ்சி தெரியலையேம்மா."

சொல்லி வாய் மூடவில்லை, ஒச்சாயி தோட்டத்தில் இறங்கிப் பொம்மையைப் பிடுங்கி வந்து அவர் எதிரே நட்டுவிட்டாள். நட்ட பிறகுதான் உறைத்தது, தோட்டம் இப்போது காவலில்லாமல் கிடக்கிறது. ரோட்டில் பஸ் வேறு வந்துகொண்டிருந்தது, சன்னலெல்லாம் தலைகள்.

"இந்தாருங்க! ஓடிப்போயி நடுவுல நில்லுங்க. நாக்க நீட்டுங்க!"

வரப்பில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவள் கணவர் பெரியகருப்பன், ஏன் எதற்கு என்று கேட்கும் பழக்கத்தைக் கல்யாணமான வருஷமே விட்டவர். போய் நின்றார். கைகளை விரித்தார். சிவந்த நாக்கை நீட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் தக்காளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளெமென்ட்டும் அவரைத்தான் பார்த்தார். எதிரே நின்ற பொம்மையை மறந்தார். பாதிச் சிறுமலையைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரியகருப்பனை நிறுத்தினார். வெயில் தாழும்வரை பாவம், மனிதருக்கு நாக்கு உள்ளே போகவில்லை.

ஒச்சாயிக்கு நெஞ்சு குளிர்ந்தது. "இத எங்க தம்பி மாட்டுவீக?"

"மதுரையில கண்காட்சிம்மா. ஆயிரக்கணக்குல சனம் வரும்."

பெரியகருப்பன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஏ, அம்புட்டுப் பேரு கண்ணும் எம்மேலயா விழும்?"

ஒச்சாயி படத்தைப் பார்த்தாள். தோட்டத்தைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனையும் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது.

"விழுந்தா விழட்டும். இம்புட்டுத் தோட்டத்துக்கும் சுத்திப்போட என்னால ஆகுமா? ஒங்களுக்குன்னா நாலு மொளகா வத்தல் போதும்."