பேய் மாதத்தின் கடைசி நாள்

போஷுனின் அம்மா போனை வைத்த வேகத்தில் வான்ரோங்குக்குக் காது அடைத்துவிட்டது. தங்கள் கல்யாணத்துக்குப் போஷுன் குறித்துக் கொடுத்த தேதியைத்தான் அவள் சொன்னாள். “நீயே அம்மாகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவாங்க” என்று தள்ளிவிட்டவனும் அவன்தான். வருங்கால மாமியார் சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டு ஒரு பிடி பிடித்துவிட்டார். சந்திரக் கணக்கில் ஏழாம் மாதத்துக் கடைசி நாளாம், பேய்கள் உலவும் அந்த மாதத்தில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்களாம். பேய்க்கதவு சாத்தாத நாளில் வருகிறவள் குடும்பத்துக்கு உலை வைக்கத்தான் வருவாள், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

வான்ரோங் முதலில் அழுதாள். அப்புறம்தான் நெஞ்சில் சந்தேகம் முள்ளாய்த் தைத்தது. இருவரும் வேலை பார்ப்பதே தைனான் நகரத்தில் கல்யாண மண்டபப் பதிவுச் செயலி செய்யும் கம்பெனியில். பேய் மாதத்து நாளைத் தொட்டால் செயலி சிவப்பாகிப் பூட்டிக்கொள்ளும். பூட்டை எழுதியவன் போஷுன், சோதித்தவள் வான்ரோங். போன வருஷம் முதல் நாளும் சிவப்பு, கடைசி நாளும் சிவப்பு. அவளே பார்த்தாள். அந்த நம்பிக்கையில்தான் அவன் திரையில் இந்தத் தேதியைப் பச்சையாகக் காட்டியபோது மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். மடச்சி!

ஆபீசுக்குப் போனதும் நிரலைத் திறந்தாள். தேதி தொடக்க நாளுக்குச் சமமாகவோ பிந்தியோ இருக்க வேண்டும், சரி. முடிவு நாளுக்கு முந்தி இருக்க வேண்டும். அவ்வளவுதான், போன வருஷம் அங்கே இருந்த சமக்குறியைக் காணோம். அது இல்லாவிட்டால் கடைசி நாள் மட்டும் பூட்டுக்குத் தப்பிவிடும். புத்தாண்டு விடுமுறைக்கும் கல்லறைத் திருநாளுக்கும் எழுதிய வரிகளில் அது பத்திரமாக இருந்தது. இயந்திரம் மக்கர் பண்ணாதிருக்க அந்த ஊர் நம்பிக்கைப்படி சர்வர் மேல் வைக்கும் பச்சை நொறுக்குப் பொட்டலமும் வைத்த இடத்திலேயே இருந்தது. பழியை அதன் மேல் போடவும் வழியில்லை. வரியைத் தொட்டவன் அதிகம் பேசாத போஷுன்தான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

போஷுன் தன் இடத்தில் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தான். அவள் கேட்டதும், கை தவறியிருக்கும் என்றான். முகம் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரிஞ்ச போஷுன் கடைசி நாளைச் சோதிக்காம சாப்பிடக்கூட உட்கார மாட்டான்.”

அவன் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான்.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம், வான்ரோங். நானே சொன்னா நீ தாங்க மாட்ட. அம்மா சொன்னா, கோபம் அவங்களோட போயிடும்னு நினைச்சேன்.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்போது கண்ணீர் வரவில்லை. தன் மேசைக்குப் போய்ச் சமக்குறியைப் போட்டுச் சேமித்தாள். அந்த நாள் சிவப்பானது. அதில் பதிவாகியிருந்தது ஒரே ஒரு ஜோடியின் பெயர்தான்.

அப்புறம் போனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். எண்ணை அழுத்தி, மறுமுனையில் அவன் அம்மாவின் குரல் கேட்டதும் அதை அவன் கையில் திணித்தாள்.

“இப்ப நீயே சொல்லு. சந்தோஷப்படுவாங்க.”